உம்மாவின் முகத்தில் கடல்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் அஸர் தொழுகை முடிந்த நேரம். கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் புதைத்துப் பின்னால் சாய்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு மூத்தாப்பா, பத்து மாதப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அலையொன்று வந்து அவருடைய காலடியில் உடைகிறது. பிள்ளை திடுக்கிடுகிறான். அழவில்லை. கழுத்தைத் திருப்பி மூத்தாப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். "ஒண்ணுமில்ல மகன், தண்ணிதான்" என்று அவர் சிரிக்கிறார். பிள்ளை மறுபடி கடலைப் பார்க்கிறான். அடுத்த அலை வரும்போது இரண்டு கால்களையும் உதறிக் கூவுகிறான்.

இந்த அத்தியாயம் அந்த ஒரு திரும்பலைப் பற்றியது. பிள்ளைக்கு இயற்கையோடு உண்டாகும் பாசத்தைப் பேசும்போது, பிள்ளையையும் மரத்தையும், பிள்ளையையும் கடலையும் மட்டுமே நாம் மனதில் வைத்துக்கொள்கிறோம். இடுப்பில் தூக்கி வைத்திருந்த ஆளை மறந்துவிடுகிறோம். கடந்த நாற்பது ஆண்டுகளில் குழந்தை உளவியல் கண்டறிந்தவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அந்த ஆளைப் பற்றியதுதான்.

1985இல் ஜேம்ஸ் சோர்ஸ், ராபர்ட் எம்டே, ஜோசப் கேம்போஸ், மேரி கிளின்னெர்ட் என்ற நான்கு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நீளமான மேசை, மேலே உறுதியான கண்ணாடி. பாதித் தூரம்வரை கட்டம்போட்ட தரை கண்ணாடியை ஒட்டியே இருக்கும். அதற்கப்பால் அது ஏறத்தாழ ஓரடி கீழே இறங்கிவிடும். தவழ்ந்து வரும் பிள்ளைக்கு அங்கே ஒரு பள்ளம் தெரியும். விழுந்துவிடுவோமா, போகலாமா என்று முடிவு செய்ய முடியாத அளவுப் பள்ளம். மறுபக்கத்தில் தாய் நிற்பாள். அவள் பேசக்கூடாது, முகத்தை மட்டும் காட்ட வேண்டும். தாய் மகிழ்ந்த முகத்தோடு நின்றபோது 19 பிள்ளைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்து அவளிடம் போனார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

பள்ளமே இல்லாத மேசையில் பிள்ளைகள் தாயின் முகத்தைத் தேடியது மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெளிவாகத் தெரியும் இடத்தில் பிள்ளை யாரிடமும் கேட்பதில்லை. சந்தேகம் வரும் இடத்தில்தான் கேட்கிறது. கேள்வியைக் கண்ணால் கேட்டு, பதிலையும் கண்ணால் வாங்கிக்கொள்கிறது. பத்து மாதப் பிள்ளைக்குக் கடலைவிடப் பெரிய சந்தேகம் எது? அது அசைகிறது, இரைகிறது, வருகிறது, போகிறது, முடிவில்லாமல் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று அதன் மேல் எழுதியிருக்கவில்லை. அந்த எழுத்து மூத்தாப்பாவின் முகத்தில் இருக்கிறது.

முகத்துக்கும் முன்னால் மணம் வந்துவிடுகிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெனுவா ஷால் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தின் கடைசியில் சோம்பு மணமுள்ள பண்டங்களைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தின் பக்கம் தலையைத் திருப்பினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த ஈர்ப்பு இல்லை. தாய் உண்பது பனிக்குடத்து நீரிலும் தாய்ப்பாலிலும் மணமாகக் கலக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவும் உள்ளியும் சரக்குத் தண்ணியும் கொடுக்கிற நம் வீடுகளில், கல்முனைக் கரைப் பிள்ளை கடலைக் கண்ணால் காண்பதற்கு மாதங்கள் முன்பே அதை மோந்துவிடுகிறது. அந்த மணம் உம்மாவின் மடிச்சூட்டோடு சேர்ந்தே வருகிறது.

செடிகொடிகளிலும் இதே கதைதான், இன்னும் வியப்பாக. அடம்பன் கொடி படர்ந்த மணல்மேட்டில் எட்டு மாதப் பிள்ளையை இறக்கிவிட்டுப் பாருங்கள். எதையும் அள்ளி வாயில் வைக்கிற பிள்ளை, கொடியின் முன்னால் கையை இழுத்துக்கொள்ளும். ஆனி வெர்ட்ஸ், கேரன் வின் என்ற இரு ஆய்வாளர்கள் யேல் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். எட்டிலிருந்து பதினெட்டு மாதம் வரையான பிள்ளைகள், மற்றப் பொருள்களைத் தொடுவதைவிடச் செடியைத் தொடக் கூடுதலாகத் தயங்கினார்கள். முள்ளும் நஞ்சும் உள்ள உலகத்தில் நம் முன்னோர் பிழைத்துவந்ததன் தடம் அது. ஆனால் பெரியவர் ஒருவர் அந்தச் செடியிலிருந்து எதையோ பறித்துத் தன் வாயில் வைத்துக் காட்டினால், ஆறு மாதப் பிள்ளைகூட அதைக் குறித்துக்கொள்கிறது. செயற்கைப் பொருளிலிருந்து எடுத்து வாயில் வைத்தால் அப்படிக் குறித்துக்கொள்வதில்லை. திண்ணையில் இருந்து முருங்கையிலை ஆய்கிற மூத்தம்மாவின் மடியில் கிடக்கும் பிள்ளை சும்மா கிடக்கவில்லை. பாடம் நடக்கிறது.

மூத்தம்மா என்று சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரை முஸ்லிம்களிடம் திருமணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் போகிறார். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுகின்றன. அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதனால் இங்கே பிறக்கும் பிள்ளையைச் சுற்றி உம்மாவின் உம்மா, உம்மாவின் சகோதரிகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு வட்டம் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா, இந்தப் பக்கம் ஒரு சாச்சி. ஒரு முகம் சிடுசிடுத்தால் சிரிக்க இன்னொரு முகம் உண்டு. இயற்கையைப் பிள்ளைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல இத்தனை முகங்கள் ஒரே வளவில் கிடைப்பது பெரிய கொடை என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவில் அந்த வட்டத்தின் மேல் கடல் ஏறியது.

அந்தச் சுனாமியில் இலங்கையின் ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோரக் குடியிருப்புகள் சில நிமிடங்களில் வெறும் அத்திவாரங்களாயின. இம்மாவட்டத்தின் 13 முகாம்களில் தங்கியிருந்த 859 குடும்பங்களை, அதாவது அலைக்கு முன் 3,533 பேராக இருந்தவர்களை, ஓர் ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. அவர்களில் ஆண்களில் 8.2 சதவீதமும் பெண்களில் 17.5 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்று. இந்த எண்ணை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. கடலைப் பார்த்துச் சிரித்த முகங்களும், அந்த முகங்களைத் திரும்பிப் பார்த்த பிள்ளைகளும் ஒன்றாகவே போயிருக்கிறார்கள்.

மிஞ்சியவர்களின் முகம் என்னவானது?

அலை வந்து சில வாரங்களில், இலங்கையின் வேறு மூன்று கரையோரப் பகுதிகளில் 264 பிள்ளைகளை உளவியலாளர் ஃபிராங்க் நோய்னர் குழு சந்தித்தது. இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரையான பிள்ளைகளிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. இவர்கள் அலையைக் கண்ணால் கண்டவர்கள். எனக்கு அதைவிடப் புதிராக இருந்தது அடுத்த வரிசை: அலைக்குப் பின் பிறந்து, அதைக் காணவே காணாத பிள்ளைகள். மாரி காலத்தில் வாடைக்காற்றோடு கடல் இரைந்தால் இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைக் கதை சொல்லிப் பயமுறுத்தியதில்லை. பின் எப்படி வந்தது?

ஆய்வுக்கூடத்து எலிகளிடமிருந்து ஒரு விடை கிடைக்கிறது. யாசெக் டெபியெக், ரெஜினா சல்லிவன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. பெண் எலிகளுக்குக் கர்ப்பமாகும் முன்பே புதினா மணத்தோடு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து, அந்த மணத்துக்கே பயப்பட வைத்தார்கள். பிறகு அவை குட்டி போட்டன. குட்டிகள் அருகில் இருக்கும்போது புதினா மணத்தை விட்டார்கள், இப்போது அதிர்ச்சி எதுவும் இல்லை. தாய் மட்டும் பயந்தது. அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகும் புதினாவுக்குப் பயந்தன. பயந்த தாயின் உடல் மணமே குட்டிக்குப் போதுமாக இருந்தது. ஒரு பேச்சும் இல்லாமல், தன் வாழ்வில் ஒரு தீங்கும் காணாமல், குட்டி அந்தப் பயத்தைச் சொத்துப்போலப் பெற்றுக்கொண்டது.

இதே சல்லிவன் ஸ்டெபனி மோரிசோவுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதன் மறுபக்கம். எலிக்குட்டிகளுக்கு ஒரு மணத்தோடு வலியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தாய் அருகில் இல்லாதபோது குட்டி அந்த மணத்தை வெறுக்கக் கற்றது. தாய் அமைதியாக அருகில் இருந்தபோது மூளையில் பயத்தைப் பதியும் பகுதி அடங்கியிருந்தது. வெறுப்பு உண்டாகவில்லை, குட்டி அந்த மணத்தை நாடியே போனது. ஒரே மணம், ஒரே வலி. தாய் இருக்கிறாளா இல்லையா என்பதில் பாசமும் பயமும் இடம் மாறிக்கொண்டன.

மனிதர் எலியல்ல. ஒரு தாயையும் இதை வைத்துக் குற்றம் சொல்லக்கூடாது. பிள்ளையை அலையில் பறிகொடுத்த ஒருத்தி, அடுத்த பிள்ளையை ஏந்திக்கொண்டு அதே கரையில் நின்று சிரிக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. அவளுடைய முகம் பொய் சொல்லவில்லை. அது கண்டதைத்தான் சொல்கிறது. ஆனால் கடலோடு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருந்த உறவு எங்கே அறுந்தது, எங்கே மறுபடி முடிச்சுப் போடலாம் என்று இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன.

முடிச்சு விழுந்தும் இருக்கிறது. அலைக்குப் பின் கரையோரத்தில் கட்டடம் கட்டக்கூடாத எல்லை வகுக்கப்பட்டது. மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கே '65 மீற்றர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சாய்ந்தமருதுக் குடும்பங்கள் பல மேற்கே வயல் பக்கம் பொலிவேரியன் கிராமத்துக்குக் குடிபோயின. சீதன வளவுகள் சிதறின, பெரியம்மாவும் சாச்சியும் வேறு வேறு திட்டங்களில் வீடு பெற்றார்கள். வட்டம் கலைந்தது. ஆனால் தொழில் கரையில்தான் இருந்தது. தோணி மறுபடி இறங்கியது, கரைவலை மறுபடி விரிந்தது. கச்சான் காற்றுக் காலத்தில் கடல் அமைதியாக இருக்கும்போது, மூத்தாப்பாமார் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி கரைக்கு வந்தார்கள். முதலில் வீதியோரம்வரை. பிறகு அடம்பன் கொடி வரை. பிறகு ஈர மணல் வரை. ஒவ்வொரு நாளும் சில அடிகள்.

பயம் குறைவதைப் பற்றி அறிவியல் சொல்வதும் இந்த நடைதான். பழைய பயம் மூளையிலிருந்து அழிக்கப்படுவதில்லை. அதன் மேல் 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. அந்தப் புதிய நினைவு, கற்ற இடத்தோடும் வேளையோடும் ஒட்டியது. அதனால்தான் பகலில் அலையில் குதிக்கிற பிள்ளை, வாடை இரவில் உம்மாவின் பக்கத்தில் ஒண்டிக்கொள்கிறான். இரண்டும் உண்மை. இரண்டு நினைவுகளும் அவனுக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

பெரியவர் துணையோடு பயம் ஆறும் இந்த நடைக்கு முன்னோடியாக வடக்கே ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு வேலை நடந்திருக்கிறது. 1996இல், போரின் நடுவில், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் போர் கண்ட பிள்ளைகள் பஸ்ஸில் வந்து, மரநிழலில் களிமண் பிசைந்து, படம் வரைந்து, கதை கட்டி, விலங்குகளோடு பொழுது கழித்துப் போனார்கள். ஒருவருக்கொருவர் பகை என்று சொல்லி வளர்க்கப்படக்கூடிய பிள்ளைகள் ஒரே மண்ணில் கை வைத்தார்கள். தோட்டம் மட்டும் அதைச் செய்திருக்காது. அங்கே ஒவ்வொரு பிள்ளையோடும் நிதானமாக உட்கார ஒரு பெரியவர் இருந்தார்.

நிதானமாக உட்காருவது என்பதன் உள்ளே என்ன நடக்கிறது? நம் ஊரில் இதைப் பார்க்க மிகச் சிறந்த நாள் றமழான் தலைப்பிறை பார்க்கும் மாலை. எங்கள் கடல் கிழக்கே. சூரியனும் முழுநிலவும் கடலிலிருந்து எழும், இளம்பிறை மட்டும் மேற்கே, வயல் பக்கம் தோன்றும். மஃரிப் நேரத்தில் பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொட்டைமாடிகளிலும் வயல் வரம்புகளிலும் நிற்பார்கள். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நிற்பார்கள். "அந்தா, அந்தத் தென்னைக்கு மேல, நகம் மாதிரி" என்று ஒரு மாமா விரலை நீட்டுவார். தோளில் இருக்கிற ஒன்றரை வயதுக்காரி விரலின் நுனியிலிருந்து கோடு பிடித்து வானத்துக்குப் போவாள். பிறகு அவள் தன் விரலை நீட்டுவாள்.

ஆறு ஏழு மாதத்தில் விரல் நீட்டினால் பிள்ளை விரலைத்தான் பார்க்கும். ஒரு வயதை ஒட்டி விரல் காட்டும் பொருளைப் பார்க்கத் தொடங்கும், தானும் சுட்டிக்காட்டும். மைக்கேல் தோமசெல்லோவோடு பணியாற்றிய உல்ஃப் லிஷ்கோவ்ஸ்கி குழுவினர் 2004இல் ஒரு வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தது இது: பிள்ளை எதையோ சுட்டும்போது பெரியவர் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துச் சிரித்தால் அதற்குப் போதவில்லை. பொருளை மட்டும் பார்த்தாலும் போதவில்லை. பொருளையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்து, 'ஆமா, நானும் பார்த்தேன்' என்று முகத்தால் சொன்னபோதுதான் நிறைவடைந்து, மேலும் மேலும் சுட்டியது. கையில் பிறை வேண்டும் என்று அது கேட்கவில்லை. பிறையைச் சேர்ந்து பார்க்க ஒருவர் வேண்டும் என்று கேட்டது. கைத்தொலைபேசியில் கண்ணை வைத்துக்கொண்டு "ம்" கொட்டுகிற பெரியவரின் பக்கத்தில் அந்த விரல் ஓரிரு தடவைக்குப் பிறகு மடங்கிவிடும். அந்த மடங்கல் எனக்கு மிகவும் வலிக்கும் காட்சி.

மூன்று நான்கு வயதில் பிள்ளை இன்னொரு படி ஏறுகிறது: ஓர் உயிரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கயோகோ இனகாகி, வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகளையும் வளர்க்காதவர்களையும் ஒப்பிட்டு 1990இல் எழுதினார். தவளையை எப்போதும் குட்டியாகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், மீன் வளர்த்த பிள்ளைகள், என் மீன் வளர்ந்ததே, தவளையும் வளரத்தான் செய்யும் என்ற விதமாகக் காரணம் சொன்னார்கள். ஓர் உயிரைக் கவனித்த அறிவு, காணாத உயிருக்கும் நீண்டது.

நம் வீடுகளில் தங்கமீனைவிட ஆடுதான் அதிகம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரம் முன்னால் ஆடு வளவுக்கு வரும். பிள்ளை அதற்குப் பலாயிலை ஒடித்துக் கொடுக்கும், பெயர் வைக்கும், இரவில் போய்ப் பார்க்கும். பிறகு குர்பான். அன்று காலை வளவின் பின்பக்கம் நின்று அழுகிற பிள்ளையைக் கேலி செய்கிற வீடுகளும் உண்டு, அணைத்துக்கொண்டு பேசுகிற வீடுகளும் உண்டு. அணைத்துப் பேசுவதற்கு நமக்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. அனஸ் இப்னு மாலிக்கின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிட்டு செத்துப்போனபோது, நபியவர்கள் அந்தச் சிறுவனிடமே அந்தக் குருவியைப் பற்றி அன்போடு கேட்டார்கள் என்று ஹதீஸ் கிரந்தங்கள் பதிவு செய்கின்றன. ஒரு சமூகத்தின் தலைவர் ஒரு குருவிக்காக ஒரு பிள்ளை பட்ட துக்கத்தைத் துக்கமாகவே மதித்தார். இன்றைய குழந்தை உளவியலாளர் சொல்லக்கூடிய ஆலோசனையும் இதைவிட வேறாக இராது.

லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் நோர்வேயிலும் அமெரிக்காவின் கென்டக்கியிலும் சூழல் காக்கப் பாடுபட்ட 56 பேரிடம், இந்த வழிக்கு உங்களைக் கொண்டுவந்தது எது என்று கேட்டு 1999இல் வெளியிட்டார். முதல் இரண்டு பதில்கள்: இயற்கையான ஓர் இடம், குடும்பத்தில் ஒருவர். இடமும் ஆளும். ஆளைப் பற்றித்தான் இதுவரை பேசினேன். இடம் இல்லாமல் போனால்?

சாய்ந்தமருதில் தோணா என்ற நீரோடையில் நீந்தி மீன் பிடித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இன்று அங்கே பாலத்தில் நிற்கிற பிள்ளைக்குத் தோணா என்றால் ஆற்றுவாழையும் பிளாஸ்டிக்கும் மூக்கைப் பொத்துவதும்தான். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கான் மாசு மிகுந்த ஹூஸ்டன் நகரப் பிள்ளைகளிடம் பேசியபோது, காற்று மாசு என்றால் என்ன என்று பலருக்கும் தெரிந்திருந்தது. தங்கள் ஊரிலேயே அது இருக்கிறது என்று உணர்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. பிறந்ததிலிருந்து காண்பதுதான் பிள்ளைக்கு இயல்பு. இதற்கு அவர் 'தலைமுறை மறதி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் சற்றுக் கெட்டுப்போன உலகத்தை முழு உலகமாக ஏற்றுக்கொள்கிறது.

ஒலுவிலில் அந்த மறதி நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்கலாம். 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்பு அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நிந்தவூர் வரை அதன் அடி தெரிகிறது. மணல் இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லில் அடம்பன் கொடி படராது. இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை காற்றில் உருள, பின்னால் பிள்ளைகள் ஓட, அங்கே மணல் இல்லை.

போன வருடம் அந்தக் கல்லணையின் மேல் ஒரு மூத்தம்மாவையும் நாலு வயதுப் பேத்தியையும் கண்டேன். பின்னால் வெளிச்சவீடு. மூத்தம்மா தண்ணீருக்கு நடுவே எங்கேயோ விரலை நீட்டினாள். "அந்தா, அங்கதான் நாங்க மண் வீடு கட்டி விளையாடின. எங்கட தென்னந்தோட்டம் அதுக்கும் அங்கால." பேத்தி விரல் நுனியிலிருந்து கோடு பிடித்துப் போனாள். அங்கே அலைதான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.